பத்து லட்சத்தில் ஸ்போர்ட்ஸ் கார்

புனேயில் வேலை பார்த்தால் கார் பேச்சிலிருந்து தப்ப முடியாது. ஒரு பக்கம் பிம்ப்ரியில் டாடா, இன்னொரு பக்கம் சாகனில் ஃபோக்ஸ்வாகன், கொஞ்சம் தள்ளி ரஞ்சன்காவில் ஃபியட் தொழிற்சாலை. எங்கள் வங்கியில் கடன் கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு கார் கம்பெனிக்கு நட்டு, போல்ட், வயரிங் என்று எதையாவது செய்து கொடுப்பவர்கள். அதனால் டீ நேரத்தில் எல்லோரும் நிபுணர்கள். அடிக்கடி அடிபடும் கேள்வி இது: பத்து லட்சத்தை ஒட்டி நல்ல ஸ்போர்ட்ஸ் கார் எது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த விலையில் இந்தியாவில் ஸ்போர்ட்ஸ் காரே கிடையாது. அமெரிக்காவில் முப்பதாயிரம் டாலரை ஒட்டிக் கிடைக்கிற மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86 மாதிரி, பின்சக்கரம் இழுக்கிற, ஓட்டுவதற்காகவே செய்த சின்ன வண்டிகள் இங்கே முறைப்படி விற்பனைக்கு வந்ததே இல்லை. இறக்குமதி செய்தால் வரியிலேயே இன்னொரு கார் வாங்கிவிடலாம். நம்மிடம் இருப்பதெல்லாம் குடும்பக் காரில் கொஞ்சம் முறுக்கான எஞ்சின் வைத்தது. அதில் எது தேறும் என்பதுதான் கேள்வி.

அதையும் பெரும்பாலும் முடிவு செய்வது எஞ்சினியர் இல்லை, நிதி அமைச்சகம். 2006 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் சின்னக் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்னக் கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள். அன்று போட்ட கோடு இன்றும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே இருக்கும் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், வெளியே போனால் 40. ஐ20 ஏன் 3,995 மில்லிமீட்டர், ஆல்ட்ராஸ் ஏன் 3,990 என்று இப்போது புரிகிறதா? சென்டிமீட்டர் கணக்கில் வரியை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பி.காம் படித்த எனக்கு இதைப் பார்த்தால் ஒரு மரியாதையே வருகிறது :-)

அடுத்தது, இந்த வகை வண்டிகளின் ஆயுள். 2015இல் அபார்த் புன்ட்டோ 9.95 லட்சத்துக்கு வந்தது. 145 குதிரைத்திறன், அன்றைக்கு அந்த விலையில் கனவு மாதிரி. ஃபியட் கார் விற்பனையே சில வருடங்களில் நின்றுபோனது. 2017இல் மாருதி பலேனோ ஆர்எஸ், 102 குதிரைத்திறன், மூன்று வருடம் தாண்டவில்லை. 2018இல் டியாகோ ஜேடிபி. நம்ம கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடாவோடு சேர்ந்து செய்தது, 6.39 லட்சத்துக்கு 114 குதிரைத்திறன். அந்தக் காசுக்கு அப்படியொரு வண்டி அதற்கப்புறம் வரவில்லை என்பது என் அபிப்பிராயம். 2020இல் பிஎஸ்6 விதிகள் வந்தபோது அதுவும் போயிற்று. இந்த ஊரில் வேகக் கார் வாங்குபவன் தயாரிப்பு நின்றுவிடும் என்று எண்ணிக்கொண்டேதான் வாங்க வேண்டும். மூல வண்டி பெருவாரியாக ஓடுகிறதா, உதிரிபாகம் அதற்கும் இதற்கும் பொதுவா என்பதுதான் குதிரைத்திறனைவிட முக்கியம்.

சரி, எங்கள் டீக்கடை விவாதத்தில் மோதும் மூன்று பெயர்கள்: ஐ20 என் லைன், ஆல்ட்ராஸ் ரேசர், விர்டஸ் ஜிடி. மூன்றையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

2024 ஜூனில் வந்த ரேசருக்கும் ஐ20க்கும் காகிதத்தில் வித்தியாசமே இல்லை. இரண்டும் மூன்று சிலிண்டர் டர்போ, இரண்டும் 120 குதிரைத்திறன். ஓட்டினால்தான் தெரியும். ரேசரில் வசதிகள் அதிகம், காற்று வரும் சீட்டு, சுற்றிலும் கேமரா எல்லாம் உண்டு. ஆல்ட்ராஸின் உடல் கட்டும் உறுதி, 2020இலேயே குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. ஐ20க்கு 2022இல் மூன்றுதான். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் தாம்ஹினி மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு திருப்பும்போது ஐ20 கையோடு பேசுகிறது. சஸ்பென்ஷன் இறுக்கம், ஸ்டியரிங்கில் கனம், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். 2021இல் வந்தபோது கிளட்ச் பெடல் இல்லாத கியர் ஒன்றை வைத்து விளையாட்டைக் கெடுத்திருந்தார்கள். 2023இல் ஒழுங்கான ஆறு கியர் மேனுவல் கொடுத்தார்கள். அதற்கப்புறம்தான் எனக்கு அந்த வண்டி பிடித்தது. (அது தயாராவது இருங்காட்டுக்கோட்டையில், ரேஸ் டிராக் இருக்கிற அதே ஊர். அதனால் சாய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் இருக்கலாம்.)

விர்டஸ் ஜிடி வேறு ஜாதி. நான்கு சிலிண்டர், 1.5 லிட்டர், 150 குதிரைத்திறன், பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம். ஓட்டிவிட்டு இறங்கினால் மற்ற இரண்டும் பொம்மையாகத் தெரியும். ஆனால் அது 2022இல் வந்தபோதே ஜிடி பிளஸ் விலை கிட்டத்தட்ட 18 லட்சம். பத்து லட்சம் என்று ஆரம்பித்த பேச்சு அங்கே எப்படிப் போய் நிற்கிறது? ஏழு வருடக் கடன் வழியாகத்தான்.

எங்கள் கிளையில் ஒரு பையன், திருநெல்வேலிப் பக்கம், வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். "சார், இஎம்ஐ தாங்கும் சார்" என்றான். "தம்பி, இஎம்ஐயைப் பார்க்காதே, நாலாவது வருஷத்தைப் பார்" என்றேன். பத்து லட்சத்துக்கே கணக்குப் போட்டுக் காட்டினேன். 9 சதவீத வட்டி, ஏழு வருடம் என்றால் மாதம் 16,089 ரூபாய். ஐந்து வருடம் என்றால் 20,758. மாதம் 4,669 குறைகிறதே என்று ஏழு வருடம் போனால், மொத்த வட்டியில் ஒரு லட்சத்து ஆறாயிரம் கூடுகிறது. அதுகூடப் பரவாயில்லை. மூன்று வருடம் முடிந்தபின் ஏழு வருடக் கடனில் பாக்கி 6.46 லட்சம். பத்து லட்சம் ஷோரூம் விலையுள்ள வண்டிக்கு நான்காம் வருடக் காப்பீட்டில் 40 சதவீதம் தேய்மானம் கழித்து மதிப்பு 6 லட்சம். வண்டி திருடு போனாலோ நொறுங்கினாலோ காப்பீட்டுப் பணம் முழுவதும் வங்கிக்கு வந்து, அதற்கு மேலும் கையிலிருந்து கட்ட வேண்டும். ஐந்து வருடக் கடனில் அதே நாளில் பாக்கி 4.54 லட்சம்தான். பதினெட்டு லட்சத்துக்கு இதே கணக்கை அவனையே போடச் சொன்னேன். போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் கேஷ் கவுன்டருக்குப் போய்விட்டான்.

எங்களைப் போல் மாற்றலாகும் ஜாதிக்கு இன்னொரு விஷயம். இங்கே பெட்ரோல் காருக்குச் சாலை வரி 10 லட்சம் வரை 11 சதவீதம், மொத்தமாகக் கட்ட வேண்டும். மூன்று வருடத்தில் வேறு மாநிலத்துக்குப் போட்டால் தடையில்லாச் சான்று, மறுபதிவு, அங்கே மறுபடி வரி, இங்கே கட்டியதைத் திரும்பக் கேட்டு அலைச்சல். 2021 செப்டம்பரில் வந்த பிஎச் பதிவெண்ணில் இந்த வில்லங்கம் இல்லை, வரியை இரண்டிரண்டு வருடமாகக் கட்டலாம். அரசு, பொதுத்துறை ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் இருக்கும் தனியார் நிறுவனத்தவருக்கும் உண்டு. ஆனால் பதிவெண் கூடவே வந்தாலும் சர்வீஸ் சென்டர் வருமா? அடுத்த போஸ்டிங் ஏதோ ஒரு தாலுகா தலைநகரம் என்றால் ஹூண்டாய்க்கும் டாடாவுக்கும் பக்கத்தில் ஆள் கிடைக்கும். ஃபோக்ஸ்வாகனுக்கு மாவட்டம் தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

ஆகவே கேட்பவர்களுக்கு நான் சொல்வது: கல்யாணமாகாத, வீட்டுக்குப் பணம் அனுப்புகிற ஆளென்றால் ஐ20 என் லைன், மேனுவல், ஐந்து வருடக் கடன். பின்சீட்டில் அப்பா அம்மா அடிக்கடி உட்காருவார்கள் என்றால் ரேசர், பழையது கிடைத்தாலும் சரி. விர்டஸ் வேண்டுமென்றால் விலையில் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள், மீதிக்கு நானே சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறேன். திருநெல்வேலித் தம்பி போன வாரம் பழைய டியாகோ ஜேடிபி ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னான். சர்வீஸ் புத்தகத்தை முதலில் கொண்டுவா என்றிருக்கிறேன்.