விடுகதைக்கு ஓடி வரும் பிள்ளை சோதனைக்கு ஏன் ஒளிகிறது?



'சோதனை' என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு பொருள் உண்டு. பள்ளிக்கூடத்தில் வைப்பதும் சோதனை, வீட்டில் அடுத்தடுத்துத் துன்பம் வந்தால், "இது என்ன சோதனையோ!" என்று தலையில் கை வைத்துக்கொள்கிறோமே, அதுவும் சோதனை. உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும்.

ஆனால் அதே பிள்ளை, பாட்டி விடுகதை போட்டால் ஓடி வந்து மடியருகே உட்காருகிறது. விடுகதையும் கேள்விதானே? ஆனால் அங்கே விடை தெரியாதவனை யாரும் முட்டி போடச் சொல்வதில்லை. சிவப்பு மையில் மதிப்பெண் போட்டு அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்வதும் இல்லை. தெரியாதவன் தோல்வியை ஒப்புக்கொண்டு, விடையைக் கேட்டுச் சிரிக்கிறான். மறுநாள் அதே விடுகதையை அடுத்த வீட்டுப் பையனிடம் போட்டு அவனை மடக்குகிறான். அந்த விடை ஆயுசுக்கும் மறப்பதில்லை. பாடத்தையும் இப்படிக் கேட்க முடியாதா? முடியும்.

செமினி வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் நிறைந்திருந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ரிஞ்சிங் பக்கம் இன்று வரிசை வரிசையாக வீடுகளும் கடைகளும் வந்துவிட்டன. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படிப் பிறந்த பள்ளிகள் பலவற்றில் ஒரே வாத்தியார், பல வகுப்புகள். பாவம், அவர் என்ன செய்வார்? வாய்பாட்டை எல்லாரையும் சேர்ந்து சொல்லச் சொன்னார். தெரிந்தவன் கத்தினான், தெரியாதவன் வாயை மட்டும் அசைத்தான். தனியே எழுப்பிக் கேட்டால் அவன் விழித்தான், மற்றவர்கள் சிரித்தார்கள். கூட்டத்தில் நின்றால் குறை தெரியாது. தனியே நிறுத்தினால் மானம் போகும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வழிதான் விளையாட்டு. அதில் குறையும் தெரியும், மானமும் போகாது.

வாயை மட்டும் அசைத்த பிள்ளை ஆறு ஆண்டுகளைக் கடத்திவிடலாம். ஆனால் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பாடம் மலாயில் நடக்கும். தெரியாதது அங்கே வெளியே வரும். வெட்கப்பட்டு நடுவிலேயே படிப்பை விட்டவர்களை நம் சொந்தபந்தங்களிலேயே பார்த்திருக்கிறோம்.

ஆறாம் ஆண்டில் நடந்துவந்த யூ.பி.எஸ்.ஆர். சோதனை 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. "அதுதான் சோதனை இல்லையே, படித்ததை எதற்குத் திரும்பப் பார்ப்பது?" என்று சில வீடுகளில் கேட்கிறார்கள். அப்படிக் கேட்காதீர்கள். மதிப்பெண் போடுவது மட்டுமே சோதனையின் வேலை அன்று. படித்ததை மனத்தில் நிறுத்துவதும் அதன் வேலைதான்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் இதைக் காட்டினார்கள். மாணவர்களில் ஒரு சாராரை ஒரு பாடத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். மறு சாராரை ஒரு முறை படித்தபின், பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள்: 81 விழுக்காடு, மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதை மாறியது. இரண்டு முறை படித்தவர்களுக்கு 42, நினைவுகூர்ந்தவர்களுக்கு 56. புத்தகத்தை மூடிவிட்டு யோசிப்பதில்தான் பாடம் பதிகிறது.

தமிழ்நாட்டில் இந்த வழியைப் பெரிய அளவிலேயே செய்து பார்த்தார்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய 'செயல்வழிக் கற்றல்' 2007இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து, அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஏணிப்படி ஏறுவதுபோல் முன்னேறினார்கள். நடுநடுவே ஓர் அட்டை, கற்றதைச் சோதிக்கும் அட்டையாக வரும். அதில் தவறினால் மறுபடி பழகுவதற்கு இன்னோர் அட்டை இருந்தது.

நம் வீட்டு அஞ்சடியில் செய்யக்கூடியவை மூன்று சொல்கிறேன். காசு செலவில்லை.

முதலாவது, சோடா மூடி ஆட்டம். 2 முதல் 9 வரை எண்களை மூடிகளில் எழுதுங்கள். இரண்டு தொகுதி வேண்டும். ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். பிள்ளை பார்க்காமல் இரண்டை எடுத்துப் பெருக்கிச் சொல்ல வேண்டும். சரியானால் மூடிகள் அதற்கே. தவறினால் எல்லாரும் சேர்ந்து விடையைச் சொல்லிவிட்டு மூடிகளைத் திரும்பப் போடுங்கள். தடுமாறிய எண் மறுபடி கைக்கு வரும். சந்தேகம் வந்தால் புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கி எண்ணட்டும்.

இரண்டாவது, மூன்று மூலை ஆட்டம். ஒரு மூலைக்கு ல, ஒன்றுக்கு ள, இன்னொன்றுக்கு ழ என்று பெயர் வையுங்கள். நீங்கள் சொல்லைச் சொல்லாமல் பொருளை மட்டும் சொல்லுங்கள். "சுவரில் ஊர்வது" என்றால் பல்லி. ல மூலைக்கு ஓட வேண்டும். "தினமும் படிக்கப் போகும் இடம்" என்றால் பள்ளி, ள மூலை. "குலை தள்ளுவது" என்றால் வாழை, ழ மூலை.

மூன்றாவது, ஜோடி சேர்த்தல். பத்துத் துண்டுத் தாளில் மலாய்ச் சொற்கள், பத்தில் அவற்றின் தமிழ்ப் பொருள். எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்து, இரண்டிரண்டாகத் திறந்து ஜோடி சேர்க்கட்டும். 'ரூமா'வுக்கு வீடு, 'சுங்கை'க்கு ஆறு.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களே, நீங்கள் ஒதுங்கி நிற்க வேண்டாம். "எனக்குச் சொல்லிக்கொடு" என்று கூடவே உட்காருங்கள். அம்மாவுக்குப் பாடம் நடத்தும் பிள்ளை தானும் நன்றாகப் படித்துக்கொள்ளும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. தவறினவனை ஆட்டத்தைவிட்டு வெளியே உட்கார வைக்காதீர்கள். அதிகப் பழக்கம் தேவைப்படுகிறவனே அவன்தான். அவனை முதலில் வெளியேற்றினால் என்ன பயன்? அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். எப்போதும் நீங்களே கேட்காமல், பிள்ளையையும் கேள்வி கேட்கவிடுங்கள். சில சமயம் நீங்களும் தோற்றுப் போங்கள். பதினைந்து நிமிடம் போதும். "இன்னும் ஒரு ஆட்டம்" என்று பிள்ளை கெஞ்சும்போதே நிறுத்திவிடுங்கள். அப்போதுதான் நாளைக்கும் வரும்.

"அடியாத மாடு படியாது" என்று நம் பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். நம் பிள்ளைகள் மாடுகள் அல்லவே! இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் சோடா மூடிகளைத் தேடி எடுங்கள். வாயை மட்டும் அசைக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இரண்டொரு வாரத்தில் அதன் குரல் தனியாகக் கேட்கத் தொடங்கும்.