பழைய ஃபோனில் ஓடாதாம்! யார் சொன்னது?

இந்தப் பதிவு வீடியோ கேமைப் பற்றியது. "நமக்கெதுக்கு இந்த வேலை" என்று மூடிவிட்டுப் போய்விடாதீர்கள். சுற்றி வளைத்து நம் பென்ஷன் கணக்குக்குத்தான் வரப்போகிறேன்.

மே மாத லீவுக்கு மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். கையில் நின்டெண்டோ ஸ்விட்ச் என்று ஒரு விளையாட்டுக் கருவி. அந்தக் கம்பெனி நம் நாட்டில் இதை நேரடியாக விற்பதில்லை. மாப்பிள்ளை சிங்கப்பூர் போனபோது வாங்கி வந்தாராம். எடை அரைக் கிலோகூட இல்லை. அதில் 'விட்சர் 3' என்ற விளையாட்டு. நரைத்த தலையோடு ஒருவன் குதிரை மேல் ஊர் ஊராகப் போய்க் கூலிக்குப் பேய் அடிக்கிறான். நரைத்த தலைக்கு மதிப்புக் கொடுக்கும் விளையாட்டாயிற்றே என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அப்போது பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். "ஏன்டா, இதுலயா ஆடற? எல்லாம் மங்கலாத் தெரியுது. எங்கூட்டுக் கம்ப்யூட்டர்ல வந்து பாரு, முடி தனித்தனியாத் தெரியும்" என்றான். பேரன் முகம் சுண்டிவிட்டது.

அவன் போனபிறகு கேட்டேன். "அப்புச்சி, இது பெரிய மெஷினுக்குன்னு செஞ்ச கேமுங்க. இந்தச் சின்னதுல ஓடறதே பெரிய விஷயம். போர்ட்டிங்னு சொல்லுவாங்க" என்றான். போர் என்றால் எனக்கு வேறு ஒன்று தெரியும், அதைப் பின்னால் சொல்கிறேன். அன்று ராத்திரி உட்கார்ந்து இந்த விவரமெல்லாம் தேடிப் படித்தேன்.

'விட்சர் 3' போலந்து நாட்டு சிடி ப்ராஜெக்ட் கம்பெனியின் விளையாட்டு. 2015 மே மாதம் வந்தது. அது ஓடிய பிளேஸ்டேஷன் 4 பெட்டியில் 8 ஜிபி நினைவகம், ஆடும்போது நூறு வாட்டுக்கு மேல் கரண்ட் இழுக்கும். பேரன் கருவியில் 4 ஜிபிதான். கையில் வைத்து ஆடினால் ஒரு சின்ன எல்ஈடி பல்பு அளவுதான் இழுக்கும். பெரிய மெஷினில் இந்த விளையாட்டு ஏறக்குறைய 50 ஜிபி இடம் பிடிக்கும். அதன் விரிவாக்கங்கள் இரண்டையும் சேர்த்து, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய 32 ஜிபி அட்டைக்குள் அடைத்து 2019 அக்டோபரில் வெளியிட்டார்கள். சேபர் இன்டராக்டிவ் என்ற கம்பெனிக்காரர்கள் சேர்ந்து செய்த வேலை அது.

எப்படிச் செய்தார்கள்? படத்தை 1920க்கு 1080 புள்ளியில் வரையாமல் 960க்கு 540 புள்ளியில் வரைந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலில் ஒரு பங்கு வேலை. கூட்டம் அதிகமான சந்தைக் கடையில் அதையும் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். புல், மரம், நிழல் எல்லாம் குறைந்தது. ஒலியையும் வீடியோவையும் இறுக்கிச் சுருக்கினார்கள். ஆனால் ஒரு ஊரை எடுக்கவில்லை, ஒரு கதையை வெட்டவில்லை. குதிரை போகும் தூரமெல்லாம் அப்படியே இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தெரிந்தது முடி மட்டும்தான்.

இந்த வித்தை புதிதும் அல்ல. 'ரெசிடென்ட் ஈவில் 2' என்ற விளையாட்டு 1998இல் இரண்டு சிடிக்களில் வந்தது. சிடி ஒன்றுக்கு 650, 700 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடமே ஏஞ்சல் ஸ்டுடியோஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி அதை நின்டெண்டோ 64 கருவியின் 64 எம்பி கார்ட்ரிட்ஜுக்குள், வீடியோ காட்சிகளோடு சேர்த்து, கொண்டுவந்துவிட்டது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. பப்ஜி விளையாட்டை நம் ஊர்த் திண்ணைப் பையன்கள் விலை குறைந்த ஃபோனிலும் ஆடினார்களே, எப்படி? 2 ஜிபி நினைவகம்கூட இல்லாத ஃபோனுக்கென்று 2019இல் லைட் என்று தனியாகச் செய்து கொடுத்தார்கள். நூறு பேர் சண்டை போடும் இடத்தில் அறுபது பேர், மைதானமும் சின்னது. 2020 செப்டம்பரில் அரசாங்கம் தடை செய்தது வேறு கதை. அவர்களைவிட ஒரு படி மேலே ஜியோ பட்டன் ஃபோன். 512 எம்பி நினைவகம். அதில் வாட்ஸ்அப் வராது என்றார்கள், 2018இல் வந்தது. எங்கள் தோட்டத்து ஆள் அதில்தான் பேத்தி போட்டோவை எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

இப்போது என் போருக்கு வருகிறேன். பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் முப்பத்து நாலு வருடம் இருந்தேன். நான் சேர்ந்தபோது நம் பக்கத்துக் கிணறெல்லாம் வீடு கட்டும் அகலம். மோட்டாரை எந்த சைசில் வேண்டுமானாலும் செய்யலாம், வைக்க இடம் இருந்தது. அப்புறம் தண்ணீர் கீழே கீழே போயிற்று. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் தோட்டம் தோட்டமாக வந்து நின்றன. ஆயிரம் அடி ஆழம், வாய் மட்டும் ஆறரை அங்குலம், வீட்டு போர் என்றால் நாலரை. அந்த ஓட்டைக்குள் பம்பும் இறங்க வேண்டும், மோட்டாரும் இறங்க வேண்டும்.

இம்பெல்லரின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே வேகத்தில் அது தண்ணீரைத் தூக்கும் உயரம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். அதனால் ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்து, இருபது, முப்பது என்று அடுக்கினோம். ஆள் உயரத்தைத் தாண்டிப் போயிற்று பம்ப். மோட்டாரும் ஒல்லியாக நீண்டது. "ஓட்டையை இன்னும் பெரிசாப் போடுங்க" என்று விவசாயியிடம் சொல்ல முடியுமா? சொல்லியிருந்தால் சாணியைக் கரைத்து ஊற்றியிருப்பார்கள். ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் மாட்டி, பிறகு அதைச் சுருக்கி மேசை மேலேயே ஏற்றிய ஊர் இது. இருக்கிற இடத்துக்குள் வேலையை அடக்குவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

இனி வங்கிக் கதை. பெயர் வேண்டாம். போன மாதம் ஒரு நாள் காலை என் ஃபோனில் அவர்கள் செயலி திறக்கவில்லை. இந்தக் கருவியில் இயங்காது என்று ஒரு வரி. கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. "சார், உங்க ஃபோன் 2017 மாடலுங்க. ரேம் பத்தாதுங்க. புதுசு ஒண்ணு வாங்கிருங்க சார்" என்றாள். பின்னால் நின்றிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மாவுக்கும் அதே பதில். அவர் மில் தொழிலாளி விதவைப் பென்ஷனை நம்பி இருக்கும் தன் தங்கைக்காக வந்தவர். "பன்னெண்டாயிரத்துக்கு அவ எங்கீங்க போவா?" என்றார். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

நான் கேட்பது இதுதான். அந்தச் செயலி என்ன செய்கிறது? பாக்கி எவ்வளவு என்று ஒரு எண் காட்ட வேண்டும், இன்னொரு கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டும். காடு, மழை, பேய், குதிரை எதுவும் கிடையாது. திறந்தவுடன் ஆடிக்கொண்டு வரும் கடன் விளம்பரம் மட்டும் நாலு இருந்தது. ஒரு தேசத்தையே 4 ஜிபியில் ஓட்டுகிறான் ஒருவன். ஒரு பாஸ்புக்கை 2 ஜிபியில் ஓட்ட முடியாது என்கிறான் இன்னொருவன். முடியாது என்று சொல்லாதீர்கள், மெனக்கெட மாட்டேன் என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்கிறேன்.

பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் தம்பி மகனிடம் இதைச் சொன்னேன். "பெரீப்பா, பழைய ஆண்ட்ராய்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் வர்றதில்லைங்க, திருடன் பூந்துருவான்" என்றான். இதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. பூட்டு துருப்பிடித்த வீட்டில் பணத்தை வைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண் பாதுகாப்பு என்று சொல்லவில்லை, ரேம் என்றுதான் சொன்னாள். பாதுகாப்புதான் காரணம் என்றால், பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டு பாக்கி பார்ப்பதையாவது விட்டு வைக்கலாமே? எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று உட்கார்ந்து யோசிப்பதுதானே இந்த வேலை.

மெனக்கெடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே போலந்துக் கம்பெனிதான் சாட்சி. 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' என்று அடுத்த பெரிய விளையாட்டை வெளியிட்டார்கள். விலை உயர்ந்த கம்ப்யூட்டரில் பளபளத்தது. கோடிக்கணக்கான வீடுகளில் இருந்த பழைய பிளேஸ்டேஷன் 4இல் திக்கித் திணறி நின்றுபோனது. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டு வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி விற்க ஆறு மாதம் ஆயிற்று. அந்த விளையாட்டையே 2025இல் ஸ்விட்ச் 2 என்ற கைக்கருவிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த ஆறு மாதத்தில் பட்ட அவமானம் வேலை செய்திருக்கும் என்பது என் ஊகம்.

விளையாட்டு வாங்குகிற பையன்கள் கத்தினார்கள், பணம் திரும்பியது. நாம் வரிசையில் நின்று "சரிங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

மகள் புது ஃபோன் ஆர்டர் செய்கிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். திங்கட்கிழமை கிளை மேலாளரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன், அந்த ஆசிரியை அம்மாவும் தங்கையைக் கூட்டி வருகிறார். கையில் காட்டிப் பேசலாம் என்று பேரனிடம் அந்தக் கருவியைக் கேட்டேன். "கீழ போட்டுருவீங்க அப்புச்சி, நானே கூட வர்றேனுங்க" என்கிறான்.