பாட்டி முகம் கரியாய்ப் போனதற்கு ஃபிலிம் காரணமில்லை

ஞாயிறு காலை ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலைப் பக்கம் போனால் இந்தக் காட்சி கண்ணில் பட வாய்ப்பிருக்கிறது. வாரம் பூரா எலக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டும் ரெண்டு மூணு பேர். கழுத்தில் செங்கல் கனத்தில் ஒரு பழைய மீடியம் ஃபார்மட் கேமரா. படிக்கட்டு ஓரம் பூ விற்கும் பாட்டியைக் கெஞ்சி, வெயிலில் நிற்க வைத்து, பின்னால் வானம் தெரிகிற மாதிரி பார்த்து, கையில் பிடித்தபடியே 'க்ளிக்'. 12 படத்தில் ரோல் காலி. "பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வர்றோம் பாட்டி" என்று வாக்கும் கொடுத்தாகிவிட்டது.

பத்து நாள் கழித்து பெங்களூரிலிருந்து ஸ்கேன் வருகிறது. வானம் அருமை. வெள்ளைச் சேலையின் மடிப்பு அருமை. முகம் மட்டும் அடுப்புக்கரி. கண் கலங்கல், தோளில் கிடக்கும் சேலைக் கரை பளிச். எடுத்தவர் என்ன சொல்கிறார்? "இதாம்ப்பா ஃபிலிம் லுக். டிஜிட்டல்ல இந்த ஆத்மா வராது."

ஆத்மாவாம்! அலட்சியத்துக்கு வைத்த செல்லப் பெயர் அது. பாட்டிக்கு அந்தப் பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுக்க இவர்களில் எத்தனை பேருக்கு முகம் இருக்கிறது?

ஃபிலிம் என்றாலே கலங்கலும் இருட்டும்தான் என்று நம்புகிறவர்கள் கெலமங்கலத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ ஏதாவது ஒரு பழைய வீட்டுக்குள் நுழைந்து சுவரைப் பார்க்கட்டும். எழுபதுகளில் எடுத்த தாத்தா படம் சட்டம் போட்டுத் தொங்கும். மீசை முடியை எண்ணலாம். பக்கத்தில் பாட்டி மூக்குத்தியில் கல் எத்தனை என்று சொல்லலாம். அதை எடுத்தது என்ன தங்கத்தில் செய்த கேமராவா? தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் நிறையப் புழங்கியது ஜப்பான்காரன் செய்த யாஷிகா மேட் போன்ற ரெட்டை லென்ஸ் பெட்டிகள். அதில் 124ஜி மாடல் 1970லிருந்து 1986 வரை வந்தது, லென்ஸ் 80 மி.மீ., எஃப் 3.5. ஹாசல்பிளாடோடு ஒப்பிட்டால் ஏழை வீட்டுப் பிள்ளை.

ரோல்? ஊட்டியில் அரசாங்கம் நடத்திய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனி 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிம் செய்தது. 1960ல் கம்பெனி பதிவானது, 1967ல் உற்பத்தி தொடங்கியது. பிறகு நஷ்டத்தில் தள்ளாடி மூடியே போனது (அது தனிப் பதிவுக்கான சோகக்கதை). இன்று கையில் கிடைப்பது இங்கிலாந்து இல்ஃபோர்டு, அமெரிக்கக் கோடாக். அந்தக் கால ரோலைவிட எல்லா விதத்திலும் மேல். ஆக ஃபிலிம் நன்றாகியிருக்கிறது, படம் மோசமாகியிருக்கிறது. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க சி.ஐ.டி. வேண்டாம்.

முதலில் கூர்மை. 80 மி.மீ. லென்ஸை எஃப் 2.8ல் திறந்து ஒரு மீட்டர் தூரத்தில் முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே நாலரை சென்டிமீட்டர் சுமார்தான். மூக்கு நுனியிலிருந்து காது வரை எவ்வளவு இருக்கும், அளந்து பாருங்கள். இதில் பாட்டி மூச்சு விட்டாலே கண் அந்த எல்லையை விட்டு வெளியே போய்விடும். எஃப் 8 வைத்தால் அதே தூரத்தில் 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும், முகம் அடங்கிவிடும். ஆனால் நம்மாட்கள் எஃப் 8 வைக்க மாட்டார்கள். 2.8க்குத்தானே காசு கொடுத்தோம் என்ற எரிச்சல்!

ஸ்டுடியோக்காரர் செய்ததை நினைத்துப் பாருங்கள். ஆளை ஸ்டூலில் உட்கார வைத்தார். கேமராவை ஸ்டாண்டில் பூட்டினார். மேல்மூடியில் இருக்கும் பூதக்கண்ணாடியை விரித்து, கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தார். "ஆடாம இருங்க" என்றார். ஒயர் பட்டனை அழுத்தினார். அவ்வளவுதான் ரகசியம். பார்ப்பதற்கு ஸ்டைலாக இருக்காது, அதனால் இன்றைக்கு யாருக்கும் பிடிக்கவில்லை.

அவருக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? கணக்கிலிருந்து. கெட்டுப்போன ஒவ்வொரு படமும் அவர் லாபத்தில் கை வைத்தது. இன்றைய கணக்கும் லேசானதல்ல. ரோல், கழுவும் கூலி, ஸ்கேன், கூரியர் எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு படம் 100 ரூபாய். 12ல் ரெண்டுதான் தேறியது என்றால் தேறிய படத்தின் அடக்கவிலை 600. இதை மாதச் சம்பளம் தாங்கிக்கொள்கிறது, அதனால் யாருக்கும் வலிக்கவில்லை.

கூர்மைகூடப் பரவாயில்லை, வெளிச்ச விஷயம்தான் உண்மையான அநியாயம். கேமராவிலோ போனிலோ இருக்கும் மீட்டருக்கு பாட்டியும் தெரியாது, பூக்கூடையும் தெரியாது. எதிரில் இருப்பதை எல்லாம் கலந்து ஒரு நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும். பின்னால் வானம், உடம்பில் வெள்ளைச் சேலை என்றால் "அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்" என்று ஏமாந்து எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும். நஷ்டம் முழுக்கக் கறுத்த முகத்தின் தலையில் விழும். நெகட்டிவில் அந்த இடத்தில் வெள்ளியே படியாது, வெறும் கண்ணாடி மாதிரி இருக்கும். இல்லாததை எந்த ஸ்கேனரும் கொண்டுவராது. வெளிச்சம் கூடிப்போன கருப்பு வெள்ளை நெகட்டிவைக் காப்பாற்றலாம், குறைந்துபோனதைக் காப்பாற்றவே முடியாது.

சரி, புத்தகம் படித்து எடுப்போம் என்று கிளம்புபவர்களுக்கு இன்னொரு பள்ளம். 1940 வாக்கில் ஆன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் உருவாக்கிய 'ஸோன் சிஸ்டம்' மிகப் பெரிய விஷயம், மறுப்பில்லை. அதில் வெயிலில் நிற்கும் வெள்ளைக்காரர் தோலுக்கு 6ஆம் ஸோன், கறுத்த தோலுக்கு 5. ஆனால் அதைச் சுருக்கிச் சொல்லும் பாடங்களில் கடைசியில் மிஞ்சுவது "முகத்தை அள, ஒரு ஸ்டாப் கூட்டு" என்ற ஒற்றை வரி. கறுத்த முகத்தை அளந்து அதையே செய்தால் பாட்டி ஒரே நாளில் சிவப்பாகிவிடுவார். ஒரு பக்கம் கரி, இன்னொரு பக்கம் பவுடர். பாட்டியின் சொந்த நிறம் நடுவில் எங்கோ நிற்கிறது.

இந்தப் பவுடர் வேலையில் பழைய ஸ்டுடியோக்களும் உத்தமர்கள் இல்லை. நெகட்டிவ் மேல் பென்சிலால் 'டச்சிங்' செய்து கன்னத்தை வெளுப்பாக்கினார்கள். சுருக்கத்தை அழித்தார்கள், மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் பெண் படத்தில் நிறத்தையே மாற்றினார்கள். ஆரஞ்சு ஃபில்டர் போட்டாலே பழுப்புத் தோல் வெளுத்துத் தெரியும், அதுவும் நடந்தது. அவர்களிடம் கற்க வேண்டியது ஸ்டாண்டும் பொறுமையும், பென்சில் அல்ல. இன்றைய போன்கள் பலவற்றில் அதே பென்சில் 'பியூட்டி' என்ற பெயரில் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே "போன்லயே எடுத்துட்டுப் போலாமே" என்பவர்களுக்கும் முழு மார்க் இல்லை :-)

வழி ரொம்ப எளிது. தனி மீட்டர் வாங்கக் காசில்லாதவர் தன் உள்ளங்கையை அளக்கலாம். உடம்பு எந்த நிறமானாலும் உள்ளங்கை ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே வெளுப்பு, நடுத்தரச் சாம்பலைவிட ஒரு ஸ்டாப் சுமார் கூட. முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் கையை நீட்டி, அதை மட்டும் அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டினால் போதும். வானம் என்ன செய்தாலும், சேலை எவ்வளவு வெளுப்பானாலும், கறுத்த முகம் கறுப்பாகவே, சுருக்கம் சுருக்கமாகவே நெகட்டிவில் இறங்கும். 400 ரோலை மீட்டரில் 200 என்று வைத்துக்கொண்டால் கண்குழியிலும் விவரம் நிற்கும்.

உச்சி வெயிலை விட்டுவிட்டுப் பாட்டியைத் திண்ணையில் உட்கார வையுங்கள். 900 மீட்டர் உயரத்தில் மேகம் போட்ட ஓசூர் காலை வெளிச்சத்தை ஸ்டுடியோவில் உண்டாக்க ஆயிரக்கணக்கில் செலவாகும், இங்கே இலவசம். திண்ணையில் எஃப் 8, 1/30 மாதிரிதான் வரும். அதற்குத்தான் ஸ்டாண்டு.

கழுவுவதை வீட்டிலேயே செய்கிறவர்கள் ஏப்ரல் மாதக் குழாய்த் தண்ணீரை நம்ப வேண்டாம். டெவலப்பர் பாட்டிலை ஐஸ் போட்ட வாளியில் வைத்து 20 டிகிரிக்கு இறக்கிய பிறகு தொடங்குங்கள். லேபுக்கு அனுப்புகிறவர்கள் ரோலை ஒட்டும்போது "400க்கு உள்ளபடியே கழுவவும்" என்று பேனாவால் எழுதிவிடுங்கள், எழுதாவிட்டால் அங்கே யாருக்கும் ஜோசியம் தெரியாது. பிரிண்ட் வந்ததும் முதல் காப்பி பூக்கடைக்கு.