என் மாடியில் மருந்து கிடையாது

போன தை மாதம் என் மொட்டைமாடியில் பதினோரு கத்தரிக்காய் காய்த்தது. ஆறு க்ரோ பேக், கோகோபீட், மண்புழு உரம், வேப்ப எண்ணெய், நிழல்வலை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு காய் முந்நூறு ரூபாய்க்கு மேல் வந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. படம் எடுத்துக் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டேன். ‘ஒரு சொட்டு மருந்து அடிக்காதது’ என்று கீழே எழுதினேன். நாற்பது கைதட்டல். ‘நம்ம பிள்ளைங்களுக்காவது விஷமில்லாத சோறு போடுவோம்’ என்று மூன்றாவது மாடி அக்கா எழுதினார். அதற்கு நான் ஒரு இதயம் போட்டேன்.

இந்தக் கட்டுரை அந்த இதயத்துக்கு எதிரானது.

அதே படத்தை ஒட்டன்சத்திரம் பக்கம் கத்தரி போடும் என் சித்தப்பாவுக்கும் அனுப்பியிருந்தேன். ராத்திரி கூப்பிட்டார்.

“காய் நல்லாத்தான்டா இருக்கு. பூச்சி வரலையா?”

“வந்துச்சு சித்தப்பா. ரெண்டு செடி போயிருச்சு. போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்: “உனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துருது. அதனால உன் செடி சாகலாம். என் செடி சாகக் கூடாதுடா.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

சித்தப்பா மருந்து அடிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். முதுகில் டேங்க், காலில் செருப்பு கிடையாது, மூக்கைச் சுற்றி ஈரத்துண்டு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்து நடப்பார். திடீரென்று காற்று திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருடைய பாதுகாப்பு உபகரணம் அவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன் உரக்கடையில் இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொன்னார்கள், அடித்தார். அன்று மதியம் வரப்பிலேயே வாந்தி, உடம்பெல்லாம் வியர்வை, கண் மங்கல். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். நான்காவது வாரம் மறுபடி டேங்க்கை முதுகில் ஏற்றினார், ஏனென்றால் செடி பூவில் நின்றது.

நாம் தட்டில் இருக்கும் விஷத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். காயில் மிஞ்சுவது எச்சம். முதல் பங்கு, பெரிய பங்கு, அடிப்பவனின் தோலுக்கும் நுரையீரலுக்கும் போகிறது. 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அவர்கள் யாரும் பருத்தியைச் சாப்பிடவில்லை. ‘விஷமில்லாத உணவு’ என்ற நம் கோஷத்துக்குள் அவர்களுக்கு இடமே கிடையாது.

தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் பெயரை யோசித்துப் பாருங்கள். மருந்து. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, கத்தரிக்கு அடிப்பதும் மருந்து. மருந்து என்றால் எதிரே ஒரு நோய் இருக்க வேண்டும், எழுதிக் கொடுக்க ஒரு வைத்தியர் இருக்க வேண்டும். வைத்தியர் யார்? உரக்கடைக்காரர். அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? மருந்து விற்பதிலிருந்து. அதே கிராமத்தில் ‘அவன் மருந்தக் குடிச்சிட்டான்’ என்று ஒரு வாக்கியம் வந்தால், எந்த மருந்து என்று யாரும் கேட்பதில்லை. அந்த இடத்தில் மட்டும் சொல்லின் அர்த்தம் எல்லோருக்கும் சரியாகத் தெரிகிறது.

சரி, மாடிக்கு வருகிறேன். நான் இஞ்சினியர், கணக்கு போடாமல் இருக்க முடியாது. நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு மாதம் 25 கிலோ அரிசி என்று வையுங்கள். வருடத்துக்கு 300 கிலோ. அதற்கு சுமார் 460 கிலோ நெல் வேண்டும். ஏக்கருக்கு இரண்டரை டன் விளைந்தாலும் கிட்டத்தட்ட 8,000 சதுர அடி நிலம். குடியிருப்பு சங்கம் எனக்கு மாடியில் விட்டிருக்கும் இடம் 200 சதுர அடி, அதிலும் பாதி தண்ணீர்த் தொட்டியின் நிழல். பருப்பு, எண்ணெய், மிளகாய், வெங்காயம் எதையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. கீரை, பத்துப் பதினைந்து தக்காளி, கறிவேப்பிலை ஆகியவற்றைத் தவிர நம் தட்டில் வரும் எல்லாமே யாரோ ஒருவர் வயலிலிருந்து வருகிறது. அங்கே என்ன அடிக்கிறார்கள் என்பதிலிருந்து மாடிப்படி ஏறித் தப்பிக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு, கொஞ்சம் சங்கடமானது. மாடியில் வேப்ப எண்ணெய் தெளித்துவிட்டு ஆறு மணிக்குக் கீழே இறங்கி வருகிறோம். ஜன்னலைச் சாத்துகிறோம். கொசுவுக்கு லிக்விட் மெஷினைப் போடுகிறோம். அதற்குள் இருப்பது பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. சமையலறை ஓரத்தில் எறும்புக்கும் கரப்பானுக்கும் சாக்பீஸ் கோடு. அதிலும் பெரும்பாலும் அதே குடும்பம்தான். பூட்டிய அறையில் பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு, மாடியில் மருந்துக்குக்கூட மருந்து கிடையாது என்று பெருமைப்படுகிறோம். கொசுவோடு வாழுங்கள் என்று சொல்ல வரவில்லை. சாக்கடை தேங்கி நிற்கும் தெருவில் எனக்கும் அந்த மெஷின் வேண்டும். அதைத்தான் சொல்கிறேன்: வேறு வழி இல்லாதபோது நாமும் அடிக்கிறோம். சித்தப்பா செய்வதும் அதுதான். நமக்கு அது ‘தேவை’, அவருக்கு மட்டும் அது ‘பேராசை’ ஆகிவிடுகிறது.

‘இயற்கை’ என்று போட்டுவிட்டால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம். வீட்டுத் தோட்டக்காரர்கள் சர்வசாதாரணமாகப் பரிந்துரைக்கும் புகையிலைக் கரைசலில் இருப்பது நிக்கோட்டின். அது தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் விஷம். செடியிலிருந்து வந்தது என்பதால் அது உங்களிடம் பாசம் காட்டாது.

இவ்வளவு திட்டிவிட்டு நானே இன்னும் ஏன் மாடியில் தண்ணீர் ஊற்றுகிறேன்? அங்கே ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். அவரைச் செடியில் அசுவினி அப்பியபோது கை துறுதுறுத்தது, ஆனால் ஊரில் இல்லாததால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் பொறிவண்டும் அதன் புழுக்களும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. பூச்சியைத் தின்னும் பூச்சி கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அந்தத் தாமதத்தில் மருந்து அடித்தால் இரண்டும் சாகும். முதலில் திரும்பி வருவது அசுவினிதான். மாடித்தோட்டத்தின் உண்மையான விளைச்சல் இந்த அறிவு. ஆனால் அந்தப் பத்து நாளைத் தாங்க எனக்குச் சம்பளம் இருந்தது.

அந்தப் பத்து நாளை ஊருக்கே வாங்கிக் கொடுக்க முடியுமா? முடியும், இங்கேயே நடந்திருக்கிறது. 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஏறாத செடி இல்லை. மருந்து அடித்துப் பார்த்தார்கள். அதன் மேலிருக்கும் மெழுகுப் பூச்சைத் தாண்டி மருந்து சரியாக இறங்கவில்லை. மல்பெரிக்கு அடித்தால் பட்டுப்புழு செத்துவிடும். 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தார்கள், கடுகைவிடச் சிறியவை. மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்து காலி செய்பவை. பெங்களூரில் சோதித்து, கோவை வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பெருக்கி, விவசாயிகளிடம் கொடுத்தார்கள். சீக்கிரமே மாவுப்பூச்சி அடங்கியது. தமிழ்நாட்டில் மருந்தில்லாமல் பூச்சியை வென்ற பெரிய கதை இதுதான் என்று நினைக்கிறேன். இதில் எந்தத் தனிமனிதனின் தூய்மையும் இல்லை. அரசுச் சம்பளம் வாங்கிய பூச்சியியல் ஆட்களும், ஒரு ஆய்வுக்கூடமும், விமானத்தில் வந்த குளவியும்தான் இருக்கின்றன. ஆனால் இதை யாரும் ஸ்டேட்டஸில் வைப்பதில்லை.

இலங்கையை எடுத்துக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வருவார்கள், தெரியும். 2021இல் ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதியை ஒரே அடியில் நிறுத்தினார்கள். நெல்லும் தேயிலையும் அடி வாங்கின. அதே வருடம் நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். ‘பார்த்தியா, இயற்கை விவசாயம்னா பட்டினிதான்’ என்கிறார்கள். அதே தீவில் நடந்த இன்னொரு கதையை இவர்கள் சொல்வதில்லை. 1995இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட மிகக் கொடிய மருந்துகளை அங்கே தடை செய்தார்கள், 1998இல் எண்டோசல்பானை. பத்து வருடத்தில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியானது. நெல் விளைச்சல் விழவில்லை. முதல் தடையில் ஆட்கொல்லி மருந்துகளைப் பொறுக்கி எடுத்து நீக்கினார்கள், விவசாயிக்கு மாற்று கையில் இருந்தது. இரண்டாவதில் இரவோடு இரவாக அவன் கையைக் காலியாக்கிவிட்டு ‘இயற்கைக்குத் திரும்பு’ என்றார்கள். இரண்டாவது, கிட்டத்தட்ட நம் வாட்ஸப் குழு ஆட்சிக்கு வந்தது போல.

இந்தியாவில் அதே மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005இல் உத்தரவு போட்டார்கள். அப்போதைய விதிப்படி கடையில் விற்க முடிந்தது, பருத்திக்கு அடிக்க முடிந்தது, காய்கறிக்கு மட்டும் கூடாது என்றிருந்தது. பருத்திக் காட்டுக்கும் கத்தரிக் காட்டுக்கும் நடுவில் ஒரு வரப்புதான் இருக்கிறது. 2013இல் பீகாரில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் செத்தது, இந்த மருந்து கலந்த சமையல் எண்ணெயால்.

2010இல் பி.டி. கத்தரிக்காய்க்குத் தடை வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன், கொண்டாடினேன். அந்தத் தடை தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று சாயங்காலம் கத்தரிக்காரன் காய்ப்புழுவுக்கு என்ன அடிக்கப் போகிறான் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

‘சின்னதாகத்தானே தொடங்க முடியும், மாடியில் நாலு செடி வைப்பதைக்கூடக் குறை சொல்வீர்களா?’ நியாயமான கேள்வி. வையுங்கள். ஆனால் அடுத்த படி ஐந்தாவது செடியாக இருக்க வேண்டாம். ஆட்கொல்லி மருந்துகளை முழுசாகத் தடை செய்யச் சொல்லுங்கள். உழவர் சந்தையில் எச்சப் பரிசோதனை கேளுங்கள். மருந்தை நிறுத்தும் முதல் இரண்டு வருட நஷ்டத்துக்கு விவசாயிக்குக் காப்பீடு கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஓட்டை விழுந்த காயை வாங்குங்கள்.

கடைசி வாக்கியத்தை நான் பரிசோதித்துப் பார்த்தேன். சித்தப்பாவிடம் பேரம் பேசினேன்: இருபது சென்ட்டில் மட்டும் மருந்து வேண்டாம், நஷ்டம் வந்தால் என் பொறுப்பு. சிரித்தார், ஒப்புக்கொண்டார். ஆடியில் நட்டார். இனக்கவர்ச்சிப் பொறி வைத்தார், வாடிய நுனிகளைச் சித்தி தினமும் கிள்ளி எரித்தார். அது எவ்வளவு வேலை என்று சித்தியைத்தான் கேட்க வேண்டும். முதல் பறிப்பில் மூன்றில் ஒரு பங்கு காயில் ஓட்டை. மண்டியில் மூட்டையைப் பிரித்துப் பார்த்த ஆள், “இது மாட்டுக்குத்தான்” என்று ஓரமாகத் தள்ளிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினைந்து கிலோவை பஸ்ஸில் போட்டு எங்கள் குடியிருப்புக்குக் கொண்டுவந்தேன். அதே குழுவில் படம் போட்டேன். அதே வாக்கியம்: ஒரு சொட்டு மருந்து அடிக்காதது. கீழே வாசலில் கூடையோடு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது மாடி அக்கா வந்து ஒரு காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லதுதான் தம்பி... ஆனா உள்ள புழு இருக்குமே?” என்று வைத்துவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. முந்தின வாரம் வரை கடையில் பளபளப்பான காயாகப் பார்த்துப் பொறுக்கியவன்தான் நானும்.

இருட்டும் வரை நான்கு கிலோ போனது. மீதியை நாங்கள் ஒரு வாரம் சாப்பிட்டோம், ஓட்டையை வெட்டி எறிந்துவிட்டு. சித்தப்பாவுக்கு நஷ்டக் கணக்கைக் கேட்டு ஒன்பதாயிரம் அனுப்பினேன். அவர் வாங்கிக்கொண்டு, “அடுத்த ஆடிக்கும் இந்த இருபது சென்ட்டை அப்படியே விடட்டுமா?” என்று கேட்டார். விடச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் பதினைந்து கிலோவை வாங்க இந்தக் குடியிருப்பில் எட்டுப் பேரையாவது பிடிக்க வேண்டும். இப்போதைக்கு மூன்று பேர் சரி என்று சொல்லியிருக்கிறார்கள்.