இலவசம் வேறு, விடுதலை வேறு

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாப்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி, தனது விண்டோஸ் 10 என்ற சரக்குக்கு இனி வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையாது என்று கையை விரித்துவிட்டது. பெயரைப் பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை ஓராண்டுத் தவணை. அதன் பிறகு விண்டோஸ் 11 தான். அது பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஏறாது. ஆகவே புதிய யந்திரம் வாங்கிக்கொள் என்கிறது கம்பெனி.

நாற்றுப் பறிக்கும் தாய்மார்களுக்கும், அரிசி ஆலையில் மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கும் இந்தச் சேதியில் என்ன அக்கறை என்று தோழர்கள் கேட்கலாம். அக்கறை இருக்கிறது. அது நம் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டில் மட்டும் 9 லட்சத்துக்கு மேல் கொடுப்பதென்று திட்டம். பாபநாசம், ஒரத்தநாடு, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று டெல்டா முழுவதும், கூரை வீட்டுக்குள்ளும் கம்ப்யூட்டர் நுழைந்தது. அது நல்ல காரியம். அதுவரை பண்ணை வீட்டுப் பிள்ளை மட்டுமே தொட்ட யந்திரத்தை நடவாள் வீட்டுப் பெண்ணும் தொட்டாள். இதை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

ஆனால் இன்று அந்த யந்திரங்கள் என்ன ஆயின? பல வீடுகளில் தூசு படிந்து கிடக்கின்றன. "ஓடவே மாட்டேன் என்கிறது", "வைரஸ் பிடித்துவிட்டது", "கடைக்காரர் இனி உதவாது என்று சொல்லிவிட்டார்" என்று ஆளுக்கொரு காரணம். முதல் சில ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபி நினைவகம். விண்டோஸ் 11 குறைந்தபட்சம் 4 ஜிபி கேட்கிறது. அவற்றில் வந்த விண்டோஸ் 7-க்கோ 2020 ஜனவரி 14 அன்றே கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. கம்பெனி கதவைச் சாத்தியதும் யந்திரமே செத்துவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டோம். இங்கேதான் நாம் ஏமாந்தோம்.

மேஸ்திரியும் யந்திரமும்

கம்ப்யூட்டர் என்பது இரும்பும் கம்பியும் மட்டுமல்ல. ஆலையில் மோட்டாரும் பெல்ட்டும் ஹல்லரும் இருக்கின்றன. ஆனால் எதை எப்போது ஓட்டுவது, யாரை எங்கே நிறுத்துவது என்று சொல்ல ஒரு மேஸ்திரி வேண்டும். கம்ப்யூட்டருக்குள் அந்த மேஸ்திரி வேலையைச் செய்வதுதான் ஆபரேட்டிங் சிஸ்டம். தமிழில் இயங்குதளம் என்கிறார்கள். விண்டோஸ் அப்படிப்பட்ட ஒரு மேஸ்திரி. கம்பெனி அனுப்பிய மேஸ்திரி. அவனுக்கு வயதாகிவிட்டது என்று கம்பெனி திரும்ப அழைத்துக்கொண்டால், மோட்டார் கெட்டுப்போய்விடுமா? வேறு மேஸ்திரியை வைத்து ஓட்டலாம் அல்லவா?

அந்த வேறு மேஸ்திரி வெளியூரில் இல்லை. அதே மடிக்கணினிக்குள்ளேயே இருந்தான்! சர்க்கார் கொடுத்த அந்த யந்திரங்களில் விண்டோஸுடன் கூட 'பாஸ்' என்ற இன்னொரு இயங்குதளமும் வைத்துக் கொடுக்கப்பட்டது. யந்திரத்தைப் போட்டதும் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இரண்டாவதைத் திறந்து பார்த்தார்கள்? திறக்கச் சொல்லி யார் கற்றுக்கொடுத்தார்கள்?

'பாஸ்' என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய சர்க்காரின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் மேல் கட்டப்பட்டது. தமிழ் உட்பட நம் நாட்டு மொழிகளில் வேலை செய்யும். விலை கிடையாது, உரிமக் கட்டணம் கிடையாது. மக்கள் வரிப்பணத்தில், நம் மாநிலத் தலைநகரிலேயே உருவான சரக்கு. அதை நம் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, எப்படி உபயோகிப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். பத்தாயத்தில் நெல்லை வைத்துவிட்டு, பத்தாயத்தின் வாய் எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் போன கதைதான்.

ஆங்கிலத்தில் ஒரே சொல், தமிழில் இரண்டு

இந்த லினக்ஸ் எங்கிருந்து வந்தது? 1983 செப்டம்பரில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிபுணர் ஓர் அறிவிப்புச் செய்தார். கம்ப்யூட்டருக்குள் ஓடும் நிரல் எப்படி எழுதப்பட்டது என்பதைக் கம்பெனிகள் மறைத்துப் பூட்டிவைக்கின்றன. யாரும் படிக்கவும், திருத்தவும், பகிரவும் கூடிய ஓர் அமைப்பை உருவாக்கப்போகிறேன் என்றார். அதற்கு 'குனு' என்று பெயர். 1991-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்ற உட்கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்தன. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கைகோத்து வளர்த்தார்கள். இன்று உலகின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியலில் உள்ளவை எல்லாம் லினக்ஸில்தான் ஓடுகின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? நம் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் உட்கருவும் லினக்ஸ்தான்.

ஆங்கிலத்தில் இதற்கு 'ப்ரீ' சாப்ட்வேர் என்று பெயர். அந்த மொழியில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் அந்த ஒரே சொல்தான். அதனால் அவர்களுக்கு எப்போதும் விளக்கம் சொல்லவேண்டிய சங்கடம். தமிழில் நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. இலவசம் என்பது ஒன்று. கட்டற்றது என்பது இன்னொன்று. 'கட்டற்ற மென்பொருள்' என்று நம்மவர்கள் பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் போட்ட மடிக்கணினி நமக்கு இலவசமாக வந்தது. ஆனால் கட்டோடு வந்தது. கொடுத்தவன் நினைத்த நாளில் உதவாமல் போனது.

நெல்லைக் கொண்டு பார்த்தால் இது விளங்கும். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தினார். 150-க்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தார். 2018-ல் அவர் மறைந்தார். அவர் வைத்த ஏற்பாடு என்ன? 2 கிலோ விதைநெல் வாங்கிப் போகும் விவசாயி, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். இப்படித்தான் விதை ஊர் ஊராகப் பரவியது. கம்பெனி வீரிய ஒட்டுவிதை அப்படியா? போகத்துக்குப் போகம் கடைக்குப் போகவேண்டும்.

ஸ்டால்மன் 1989-ல் வகுத்த பொது உரிமமும் இதே நியாயத்தில் அமைந்ததுதான். நிரலை எடுத்துக்கொள், உபயோகி, திருத்து, பிறருக்குக் கொடு. ஆனால் நீ திருத்தியதை வெளியிட்டால், உனக்குக் கிடைத்த அதே உரிமையோடும் மூல நிரலோடும் வெளியிடு. பூட்டிவைக்காதே. விதை வாங்கியவன் விதை கொடு!

பூட்டிய நிரலால் வரும் இன்னொரு கேடும் உண்டு. அந்தக் காலத்தில் பண்ணைக் கணக்கு யார் கையில் இருந்தது? கணக்குப்பிள்ளை கையில். எத்தனை மரக்கால் அளந்தோம், எத்தனை பற்று என்பதை உழைத்தவன் பார்க்க முடியாது. அவர் சொன்னதுதான் கணக்கு. பூட்டிய நிரலும் அப்படித்தான். நம் படங்கள், நம் ஆதார் எண், நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் எல்லாம் அந்த யந்திரத்துக்குள் இருக்கின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்று நாம் பார்க்க முடியாது. நம் சார்பில் விவரம் தெரிந்தவர் பார்க்கவும் முடியாது. கட்டற்ற நிரலில் கணக்குப் புத்தகம் திறந்தே கிடக்கிறது. நமக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், படிக்கத் தெரிந்த யாரும் படித்து ஊருக்குச் சொல்லலாம்.

நடக்காத காரியமா?

"இதெல்லாம் பேச நன்றாக இருக்கும், நடைமுறைக்கு வராது" என்பார்கள் சிலர். நடந்திருக்கிறதே!

கேரளத்தைப் பாருங்கள். அங்கே 2001-ல் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்வி தொடங்கியது. பாடத்தை ஒரே கம்பெனியின் சரக்கோடு கட்டிப்போடுவதா என்று கேள்வி எழுந்தது. படிப்படியாக முழுவதும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார்கள். இன்று அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில் படித்து, லினக்ஸில் பரீட்சை எழுதுகிறார்கள். 2 லட்சம் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் இப்படிச் செய்ததால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்த மாநிலத்தின் 'கைட்' நிறுவனம் 2019-ல் கணக்குச் சொன்னது. பணம் மிச்சமானது ஒரு பக்கம். அதைவிடப் பெரியது, ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டே நடத்தியது. நம் பிள்ளைகளுக்கு யந்திரம் கிடைத்தது, பயிற்சி கிடைக்கவில்லை. வித்தியாசம் அதுதான்.

தமிழ்நாட்டிலும் முயற்சி நடக்காமல் இல்லை. 2007 வாக்கில் எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில், தன் அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றியது. 2014 ஏப்ரலில் கம்பெனி விண்டோஸ் எக்ஸ்பி-யைக் கைவிட்டபோது, அரசு அலுவலகங்கள் பாஸுக்கு மாறலாம் என்று சென்னையிலிருந்து யோசனை வந்தது. ஆனால் இவையெல்லாம் அதிகாரி மாறினால் நிற்கும், கோப்பு நகர்ந்தால் மறக்கும் காரியங்களாகவே இருந்தன. மேலிருந்து மட்டும் வருவது நிலைக்காது.

கீழிருந்து நடப்பதற்கும் உதாரணம் உண்டு. நம்மைப் போலவே விவசாயத்தை நம்பிய விழுப்புரத்தில், லினக்ஸ் பயனர் குழு ஒன்றை இளைஞர்கள் அமைத்து, கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். 2012-லிருந்து 'கணியம்' என்ற இணைய இதழ் லினக்ஸ் பாடங்களைத் தமிழிலேயே வெளியிட்டு வருகிறது. அதற்கு முன்பே, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வெளிநாடுகளிலும் உள்ள தமிழ் இளைஞர்கள் எந்தக் கம்பெனியின் உத்தரவுக்கும் காத்திராமல் இந்த மென்பொருள்களைத் தமிழாக்கினார்கள். நிரல் பூட்டாமல் இருந்ததால்தான் அவர்களால் அது முடிந்தது.

சங்கடங்களும் உண்டு

மறைக்கவேண்டிய அவசியம் நமக்கில்லை. லினக்ஸில் சங்கடங்களும் இருக்கின்றன. சில கடைக் கணக்கு மென்பொருள்கள், அச்சக வேலைக்கான சில மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே ஓடும். அந்த வேலைக்குப் போகும் பிள்ளை விண்டோஸும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். சில பிரிண்டர்கள் முரண்டு பிடிக்கும். 12, 13 வருஷத்து யந்திரம் புது யந்திரத்தின் வேகத்தில் ஓடாது. ஒரே நேரத்தில் பத்து இணையப் பக்கங்களைத் திறந்தால் திணறும். பாட்டரி போயிருந்தால் எந்த இயங்குதளமும் அதை உயிர்ப்பிக்காது. மின்சாரத்தில் செருகித்தான் ஓட்டவேண்டும்.

ஆனால் நம் தேவை என்ன? விண்ணப்பம் எழுத, கூலிக் கணக்குப் போட, பிள்ளைகள் பாடம் பார்க்க, தமிழில் தட்டச்சுப் பழக. தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் உண்டு. எழுதவும் கணக்கிடவும் லிப்ரே ஆபிஸ் உண்டு. பழைய யந்திரத்துக்கென்றே இலேசாக அமைத்த லினக்ஸ் வகைகளும் உண்டு. இந்த வேலைகளுக்கு அந்தப் பழைய மடிக்கணினி போதும்.

இன்னொரு வழியும் நம் ஊர்களில் நடக்கிறது. கடையில் சில நூறு ரூபாய்க்குக் களவாடிய விண்டோஸைப் போட்டுக்கொள்வது. அதோடு வைரஸும் வருகிறது. மறுபடி கடை, மறுபடி செலவு. கட்டு அறுந்தபாடில்லை. யாரும் வாங்கிப் பகிரலாம் என்று சட்டப்படியே கொடுக்கும்போது, நாம் ஏன் ஒளித்து வாங்கவேண்டும்?

செய்யவேண்டியது என்ன?

முதலாவது, நம் சங்க அலுவலகங்களில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குவோம். பரணில் கிடக்கும் மடிக்கணினியைத் தூசு தட்டி எடுத்து வாருங்கள். பாலிடெக்னிக்கிலோ கல்லூரியிலோ படிக்கும் நம் தோழர்களின் பிள்ளைகள் ஒரு பென்டிரைவில் லினக்ஸைக் கொண்டு வரட்டும். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். யந்திரத்தில் உள்ளது எதுவும் அழியாது. ஓடுகிறது, பிடித்திருக்கிறது என்றால் பிறகு பதியலாம். பதியும் முன் படங்களையும் சான்றிதழ்களையும் தனியே பிரதி எடுத்துவிட வேண்டும். இதை மறக்கக்கூடாது.

இரண்டாவது, கற்றவர் இருவருக்காவது கற்றுக்கொடுக்கவேண்டும். ஆதிரெங்கத்து விதைக் கணக்கு இதற்கும் பொருந்தும்.

மூன்றாவது, சர்க்காரிடம் கேட்போம். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு யந்திரத்தோடும் கட்டற்ற இயங்குதளத்தையும், அதைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரையும் சேர்த்துக் கொடு. ஐ.டி.ஐ.களிலும் ஊர் நூலகங்களிலும் பழைய யந்திரங்களைச் சீர்செய்யும் இடம் ஏற்படுத்து. ஒரு கம்பெனியின் காலக்கெடுவுக்காக, மக்கள் பணத்தில் வாங்கிய யந்திரங்களைக் குப்பையில் போடாதே. இந்தக் கோரிக்கைகளில் நியாயமற்றது எது?

தண்ணீர் வரும் வாய்க்காலைத் தூர்வார நாம் கம்பெனிக்காகக் காத்திருந்ததில்லை. மண்வெட்டியோடு ஊரே இறங்கியிருக்கிறது. இந்த வாய்க்காலும் நம்முடையதுதான். யந்திரம் வீட்டில் இருக்கிறது. இயங்குதளம் யார் கேட்டாலும் கிடைக்கிறது. தோழர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவோம்!