புற்றை இடிச்சிட்டு காளானைத் தேடாதீங்க

டவுன்ல இருந்து வந்து நிலம் வாங்குற பலர் முதல் வேலையா ஜேசிபியை விட்டு கரையான் புற்றைத் தரைமட்டமாக்குறாங்க. அப்புறம் மழைக்காலத்துல, "புற்றுக்காளான் கிடைக்குமா? விதை வாங்கிப் போட்டா வளராதா?"ன்னு கேக்குறாங்க. காளானைச் செடின்னு நினைக்கிறதால வர்ற கேள்வி இது.

நம்ம பயிர்ச்செடியில மகரந்தம் சூலோடு சேர்ந்து விதையாகுது. அந்த விதைக்குள்ள குட்டிச்செடியையும், அது தலையெடுக்கிற வரைக்கும் வேண்டிய கட்டுச்சோற்றையும் வச்சு அனுப்புது தாய்ச்செடி. காளானுக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. குடைக்கு அடியில இருக்கிற மடிப்புகள்ல இருந்து ஸ்போர்கள் தூசு மாதிரி கோடிக்கணக்கில் உதிரும். கட்டுச்சோறு எதுவும் கிடையாது. விழுந்த இடத்துல இரை இருந்தா மெல்லிய இழையா வளரும். பெரும்பாலான காளான்கள்ல, பொருத்தமான இன்னொரு இழையோடு சேர்ந்தபிறகுதான் குடை வரும்.

அப்போ கடையில விக்கிற 'காளான் விதை'? வேகவச்ச சோளத்துல அந்த இழையைப் படரவிட்டது. வெந்த சோளம் முளைக்காது. வளர்றது மேல படர்ந்த பூஞ்சை. பதியன் போடுற மாதிரின்னு வச்சுக்கங்க. சிப்பிக்காளானை அப்படி வைக்கோல்ல வளர்த்துடலாம்.

புற்றுக்காளான் அதுக்கெல்லாம் மசியாது. அதோட உடம்பு புற்றுக்குள்ள இருக்கு. சருகையும் கட்டையையும் தின்னு கழிச்சதைக் கரையான் அடையாக் கட்டி, அதுல பூஞ்சையை வளர்க்குது. பூஞ்சை அதைப் பக்குவமாக்கித் தர, கரையான் சாப்பிடுது. மனுஷன் ஏர் பிடிக்கிறதுக்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்னாடியே நடக்கிற விவசாயம் இது. மழைக்குப் பிறகு அந்த அடையில இருந்து நீளமான தண்டு மண்ணைத் துளைச்சு மேல வரும். அதைத்தான் நாம பறிக்கிறோம்.

கரையான் தென்னங்கன்றைத் தின்னாதான்னு கேப்பீங்க. தின்னும். அதுக்குக் கன்றுக்குழியில வேப்பம்புண்ணாக்கு போடுங்க. வேலியோரப் புற்றை இடிக்கணும்னு அவசியமில்லை.

எங்க ஊர்க்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். ருசின்னு மொட்டு அத்தனையும் பறிச்சிடுறோம். புதுசா புற்று கட்டுற கரையான்ல பெரும்பாலானவை, வெளியில விழுந்த ஸ்போரை எடுத்துத்தான் தன் தோட்டத்தை ஆரம்பிக்குது. விரியுறதுக்கு ஒரு குடைகூட மிச்சமில்லைன்னா ஸ்போருக்கு எங்க போகும்? நாலைஞ்சு காளானை விரிய விடுங்க. கடப்பாரை போட்டு அடையைத் தோண்டாதீங்க. அடை இருந்தாத்தான் அடுத்த மழைக்கும் காளான்.