பூக் கட்டும் கை தூண்டிலும் கட்டும்



மழை பெய்து குளத்தில் தண்ணீர் நின்றால் நம்ம ஊர்ப் பையன்கள் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நாங்களும் வருகிறோம் என்றால், "பொம்பளப் புள்ளைக்குக் குளத்தங்கரையில என்ன வேல?" என்று ஒரே பதில்தான். இது நியாயமா?

நாம் மண்புழு கோத்து மீன் பிடிக்கிறோம். குளிர்ந்த மலை ஓடைகளில் ட்ரவுட் என்ற மீன் உண்டு. நம் நீலகிரியிலும் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. அதற்காக 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமே கட்டினார்கள். இந்த மீனைப் புழு இல்லாமல் பொய் ஈ வைத்துப் பிடிப்பார்கள்.

அந்த ஈயைக் கட்டுவது இப்படித்தான். சின்னத் தூண்டில் முள்ளில் நூலைச் சுற்ற வேண்டும். பின்னால் நாலைந்து இறகு இழைகளைக் கட்டினால் வால். நூலையே கொஞ்சம் தடிமனாகச் சுற்றினால் உடம்பு. முன்பக்கம் சேவலின் கழுத்து இறகு ஒன்றைக் கட்டி முள்ளைச் சுற்றிக் கொண்டுவந்தால், இழைகள் நாலா பக்கமும் விறைத்து நிற்கும். கடைசியில் முடிச்சு. அவ்வளவுதான். பெட்டைக்கோழி இறகு மெதுவானது, தண்ணீர் குடித்து முங்கிவிடும். சேவல் இறகு விறைப்பானது. அதனால் ஈ தண்ணீர்மேல் மிதக்கும். மழைக்கு ஈசல் கிளம்பித் தண்ணீரில் விழுந்தால் கெண்டை மேலே வந்து கவ்வுமே, அதே வித்தைதான் இது.

இதைப் படித்தபோது எனக்குப் பூக் கட்டுவதுதான் ஞாபகம் வந்தது. நாமும் நூலை விரலில் மடக்கி, சுருக்குப் போட்டு இறுக்குகிறோம். ஈ கட்டுவதிலும் அதே சுருக்குத்தான்!

வெளிநாட்டில் இதில் பெயர் வாங்கிய பெண்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மேரி ஆர்விஸ் மார்பரி, ஈ கட்டும் பட்டறையையே நடத்தினார். அங்கே வேலை செய்தவர்களும் பெண்கள். 1892-இல் ஈக்களைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். ஸ்காட்லாந்தில் மெகன் பாய்ட், ஈ கட்டியே 1971-இல் அரசாங்கப் பதக்கம் வாங்கினார். அதே நாட்டில் 1922-இல் ஜார்ஜினா பாலன்டைன் 64 பவுண்டு சால்மன் மீனைத் தூண்டிலில் பிடித்தார். அதாவது சுமார் 29 கிலோ! பிரிட்டனில் அந்தச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை.

"குளம் ஆழம், விழுந்துடுவ" என்பார்கள். ஆழம் பையனுக்கும் ஆழம்தானே? எங்களுக்கும் நீச்சல் சொல்லிக் கொடுங்கள். கூட ஒரு பெரியவர் வரட்டும். "வெயில்ல கறுத்துப் போயிடுவ" என்பார்கள். கடலை ஆயப் போகும்போது மட்டும் வெயில் சுடாதா? வேலைக்கு என்றால் வெயில் பரவாயில்லை, விளையாட்டுக்கு என்றால் கூடாது. இதுதான் எனக்குப் புரியவில்லை.

என் கருத்து இதுதான். கைவேலை வகுப்பில் ஒரு நாள் தூண்டில் கட்டச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பையன்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்துத்தான். சேவல் அடித்த வீட்டில் இறகு சும்மா கிடைக்கும். நூலும் முள்ளும் இருந்தால் போதும்.

பையன்களே, நீங்கள் பூக் கட்டிப் பழகுங்கள். நாங்கள் தூண்டில் போட்டுப் பழகுகிறோம். யாருக்கு முதலில் மீன் மாட்டுகிறது என்று பார்ப்போம்!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி, மருங்காபுரி